‘சுன்ஹ்யாங்’ படமும் பன்சோரிப் பாட்டும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கொரிய இயக்குநர் இம் க்வோன் டேக் 2000ஆம் ஆண்டில் வெளியிட்ட ‘சுன்ஹ்யாங்’, ஒரு நாட்டார் காதல் கதையைப் பன்சோரி என்னும் கதைப்பாட்டின் குரலிலேயே சொல்லும் படம். பார்த்து முடித்தவர்கள் இரண்டு அணியாகப் பிரிந்துவிடுகிறார்கள். இப்படி ஒன்றை இதுவரை பார்த்ததில்லை என்று உருகுகிறது ஓர் அணி. அந்தப் பாட்டை மட்டும் எடுத்துவிட்டால் அழகான படம் என்கிறது இன்னோர் அணி. இரண்டாவது அணியின் குறைகளை நான் மதிக்கிறேன். ஆனால் பாட்டை எடுத்துவிட்டால் இந்தப் படத்தில் எதுவும் மிஞ்சாது என்பது என் உறுதியான எண்ணம். கீழே உள்ள பதில்களில் கதை முழுவதும் வெளிப்பட்டுவிடும். கொரியர்கள் முடிவு தெரிந்தே திரும்பத் திரும்பக் கேட்கும் கதை இது என்பதால், அதனால் இழப்பு ஒன்றும் இல்லை.

கதை என்ன?

கொரியாவைச் சோசன் என்ற அரச மரபு ஆண்ட பழைய காலம். தென்மேற்கில் சொல்லா பகுதியைச் சேர்ந்த நாம்வொன் ஊருக்கு ஆளுநராக வந்தவரின் மகன் மொங்ரியோங். ‘தானோ’ என்ற கொரியத் திருநாளன்று ஊஞ்சலாடும் சுன்ஹ்யாங்கைப் பார்க்கிறான். அவள் வோல்மே என்ற முன்னாள் கிசேங்கின் மகள். அரசுப் பதிவேட்டில் பெயர் எழுதப்பட்டு, அதிகாரிகளின் விருந்துகளில் ஆடவும் பாடவும் கடமைப்பட்டிருந்த பெண்களைக் கிசேங் என்று அழைத்தார்கள். இருவரும் பதினாறு வயதை ஒட்டியவர்கள். ஊருக்குத் தெரியாமல் மணம் செய்துகொள்கிறார்கள். தந்தைக்குத் தலைநகருக்கு மாற்றல் வர, மொங்ரியோங்கும் போகவேண்டியதாகிறது. புதிய ஆளுநராக வரும் பியோன் ஹாக்-தோ, சுன்ஹ்யாங் தனக்குப் பணிவிடை செய்யவேண்டும் என்கிறான். மறுக்கிறாள். அடித்துச் சிறையில் தள்ளுகிறான். தலைநகரில் தேர்வில் முதலிடம் பெற்ற மொங்ரியோங், மன்னரின் இரகசிய ஆய்வாளனாகப் பிச்சைக்கார வேடத்தில் திரும்புகிறான். ஆளுநரின் பிறந்தநாள் விருந்தில் தன் உண்மை உருவைக் காட்டி அவளை மீட்கிறான்.

பாடுபவர் யார்? பன்சோரி என்றால் என்ன?

படத்தில் நாம் கேட்பது சோ சாங் ஹ்யூன் என்ற பெரும் பாடகரின் குரல். பன்சோரிக்கு இரண்டே பேர் போதும்: கையில் விசிறியோடு பாயின் மேல் நிற்கும் பாடகர் ஒருவர், பக்கத்தில் அமர்ந்து ‘புக்’ என்ற முரசை அடிப்பவர் ஒருவர். கதைசொல்லி, காதலன், காதலி, தாய், வேலைக்காரன், கொடுங்கோலன் எல்லாம் அந்த ஒரே பாடகர்தான். பாட்டுக்கு நடுவே உரைநடையாகப் பேசும் பகுதிகள் வரும். அவற்றை ‘அனிரி’ என்பார்கள். விசிறியை விரிப்பதும் மடக்குவதும் உடம்பை அசைப்பதும் ‘பல்லிம்’. விசிறி ஒரு நொடி கடிதமாகும், மறுநொடி தடியாகும்.

ஒரு காலத்தில் பன்னிரண்டு கதைகள் பாடப்பட்டன. முழுமையாக எஞ்சியவை ஐந்து. அவற்றில் மக்கள் மிகவும் விரும்பியது சுன்ஹ்யாங்கின் கதை. முழுவதையும் பாட எட்டு மணி நேரம்வரைகூட ஆகும். படம் ஏறக்குறைய இரண்டு மணி நேரம்தான்; ஆகவே நாம் கேட்பது கடலில் ஒரு பங்கு. தென் கொரியா பன்சோரியை 1964இல் தேசியப் பண்பாட்டுச் சொத்தாக அறிவித்தது. யுனெஸ்கோ 2003இல் மனிதகுல மரபுச் செல்வமாக அறிவித்தது.

குரல் ஏன் இவ்வளவு கரகரப்பாக இருக்கிறது? பாடகருக்குத் தொண்டை சரியில்லையா?

முதல் பத்து நிமிடத்தில் பலருக்கும் தோன்றும் கேள்வி இது. அந்தக் கரகரப்புதான் அந்தக் கலை தேடிப் பெற்றது. பன்சோரி கற்பவர்கள் மலைக்குப் போய், அருவிக்கு எதிரே நின்று, நீரின் இரைச்சலைத் தங்கள் குரல் தாண்டும்வரை பாடிப் பழகியதாக மரபு சொல்கிறது. தொண்டை உடைந்து, ஆறி, மறுபடி உடைந்து, ஒரு நாள் எதையும் தாங்கும் குரலாக மாறவேண்டும். தொண்டையிலிருந்து இரத்தம் வந்த பிறகே குரல் கைகூடும் என்ற பேச்சும் உண்டு. மெருகேறிய இனிமையான குரலை அங்கே கேட்பவர்கள் குறையாகத்தான் பார்ப்பார்கள். வாழ்வின் அடி அதில் விழவில்லை என்பார்கள்.

இன்னொரு காரணமும் இருக்கிறது. ஒரே தொண்டையிலிருந்து பதினாறு வயதுப் பெண்ணும் கிழவியும் அதிகாரியும் வரவேண்டும். இனிமை ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டு அதைச் செய்ய முடியாது.

திரையில் தெரிவதையே பாட்டும் சொல்கிறதே, ஒரே விஷயம் இரண்டு முறை எதற்கு?

எல்லாக் குறைகளிலும் இதற்குத்தான் நீண்ட பதில் தேவை. நமக்குப் பழகிய திரைப்படங்களில் காட்சி முதலில் வரும், இசை அதற்குத் துணை போகும். இங்கே வரிசை தலைகீழ். பாட்டு முன்பே இருக்கிறது. இயக்குநர் அந்தப் பாட்டின் தாளத்துக்கும் மூச்சுக்கும் ஏற்றபடி காட்சிகளை அமைத்து வெட்டியிருக்கிறார். ஆகவே ‘பாட்டு காட்சியைத் திரும்பச் சொல்கிறது’ என்று எண்ணிப் பார்த்தால் சலிப்புத் தட்டும். ‘இந்த வரிக்குக் கேமரா என்ன செய்யப்போகிறது?’ என்று எதிர்பார்த்துப் பார்த்தால் படம் திறந்துகொள்ளும்.

நிரூபணமாக ஒரு காட்சியைச் சொல்கிறேன். ஊஞ்சலாடும் சுன்ஹ்யாங்கை அழைத்துவரத் தன் வேலைக்காரன் பாங்ஜாவை மொங்ரியோங் அனுப்புகிறான். பாட்டு விரைவான தாளத்துக்கு மாறுகிறது. பாங்ஜா மேட்டிலும் பள்ளத்திலும் துள்ளிக்கொண்டு போகிறான். அவன் கால் வைப்பதும் கை வீசுவதும் முரசின் அடியோடு ஒட்டிப் போகின்றன. இங்கே கதை ஓர் அடிகூட நகரவில்லை. ஓர் ஆள் ஓர் இடத்திலிருந்து இன்னோர் இடத்துக்குப் போகிறான், அவ்வளவுதான். சாதாரணப் படத்தில் ஒரு வெட்டில் கடந்துபோகும் விஷயம். ஆனால் பன்சோரியில் இந்தப் போக்கையே பாடகர் ஆசை ஆசையாய்ப் பாடுவார். படம் அந்த ஆசையை அப்படியே காட்சியாக்கிவிட்டது. ‘சுன்ஹ்யாங்’ பிடித்துப்போனதாகச் சொல்பவர்கள் பலர் தாங்கள் படத்துக்குள் விழுந்த இடமாக இதைத்தான் குறிப்பிடுகிறார்கள். எனக்கும் அப்படித்தான்.

சொல்லும் படமும் எப்போதும் ஒன்றையே சொல்வதில்லை என்பதையும் கவனியுங்கள். பாடகர் ஒரு பெண்ணின் அழகை நிலவோடும் மலரோடும் உவமித்து அடுக்கிக்கொண்டு போகும்போது, திரையில் ஓர் இளம்பெண் சும்மா நடந்து வருகிறாள். பாட்டின் மிகையும் காட்சியின் எளிமையும் அருகருகே நிற்கின்றன. அந்த இடைவெளியில்தான் நாம் கற்பனை செய்ய இடம் கிடைக்கிறது. ஒளிப்பதிவாளர் சொங் இல் சொங்கின் நிறங்கள் கண்ணைப் பறிப்பவைதான். இருந்தும் அவர் பாட்டோடு போட்டி போடுவதில்லை.

நடுவில் இன்றைய நாடக அரங்கும் பார்வையாளர்களும் ஏன் வருகிறார்கள்? அவர்கள் ஏன் குரல் கொடுக்கிறார்கள்?

படம் ஓர் அரங்கில் நடக்கும் பன்சோரி நிகழ்ச்சியில் தொடங்கிப் பழைய நாம்வொனுக்குள் போகிறது. முக்கியமான இடங்களில் அரங்குக்குத் திரும்புகிறது. கதையின் மயக்கத்தைக் கெடுப்பதாக இதைச் சிலர் சொல்கிறார்கள். எனக்கு இதுதான் படத்தின் மிகத் துணிச்சலான முடிவு.

‘ஒல்சிகு’, ‘சோத்தா’ என்று முரசு அடிப்பவரும் கூட்டமும் எழுப்பும் குரல்களுக்குச் ‘சூயிம்ஸே’ என்று பெயர். அது நாகரிகக் குறைவு அல்ல, நிகழ்ச்சியின் ஓர் உறுப்பு. எங்கே குரல் கொடுக்கவேண்டும் என்று தெரிந்த கேட்பவர்கள் இல்லாமல் நல்ல பன்சோரி இல்லை என்று அங்கே சொல்வார்கள். படம் தொடங்கும்போது அரங்கில் இருப்பவர்கள் அமைதியாகத்தான் உட்கார்ந்திருக்கிறார்கள். போகப்போக அவர்கள் முகம் மாறுகிறது, குரல் வருகிறது, கண் கலங்குகிறது. திரைக்கு வெளியே அமர்ந்திருக்கும் நாமும் அதே வழியில்தான் போய்க்கொண்டிருக்கிறோம். கேட்பது எப்படி என்பதை இயக்குநர் அவர்களை வைத்தே நமக்குக் கற்றுக்கொடுக்கிறார்.

அடிவாங்கும் காட்சியைப் பார்க்கவே முடியவில்லை. அதை ஏன் பாட்டாக்கியிருக்கிறார்கள்?

பன்சோரியில் இந்தப் பகுதிக்குப் ‘பத்து அடிகளின் பாட்டு’ என்று பெயர். ஒவ்வோர் அடி விழும்போதும் சுன்ஹ்யாங் அந்த எண்ணைக் கொண்டே பதில் சொல்கிறாள். முதல் அடிக்கு, ஒரே மனம் என்கிறாள். இரண்டாவதற்கு, இரு கணவரை அறியேன் என்கிறாள். ஐந்தாவதற்கு, மனிதரிடையே உள்ள ஐவகை உறவு நெறியைச் சொல்கிறாள். இப்படிப் பத்துவரை போகிறது.

என்ன நடக்கிறது என்று பாருங்கள். அடிகளை எண்ணுவது அதிகாரியின் வேலை. அந்த எண்ணிக்கையை அவள் பறித்துக்கொள்கிறாள். தண்டனையின் கணக்கு அவளுடைய வாதத்தின் வரிசையாக மாறிவிடுகிறது. ஆளுநர் எவ்வளவு அடிக்கிறானோ, அவ்வளவு அவள் பேச இடம் கிடைக்கிறது. பத்து அடிகளும் முடிந்தபோது தோற்றுப்போயிருப்பது அவன்தான்.

இதைப் பாட்டில்லாமல் எடுத்திருந்தால் ஓர் இளம்பெண் துன்பப்படுவதை வேடிக்கை பார்க்கும் காட்சியாக முடிந்திருக்கும். பாடகரின் குரல் பிளக்கும்போது அவள் வலி, அவள் சினம், கேட்கும் மக்களின் சினம் மூன்றும் ஒன்றாகிவிடுகின்றன. கூட்டம் பரிதாபப்படுவதோடு நிற்காமல் அவள் பக்கம் சேர்ந்துவிடுகிறது. பார்க்க முடியவில்லை என்று சொல்பவர்களிடம் நான் வாதாடுவதில்லை. கண்ணை மூடிக்கொண்டாவது அந்தப் பாட்டைக் கேளுங்கள் என்று மட்டும் கேட்டுக்கொள்கிறேன்.

இது பெண்ணுக்குக் கற்பைப் போதிக்கும் கதைதானே?

அப்படியும் இந்தக் கதையைப் பல நூற்றாண்டுகளாகப் பயன்படுத்தியிருக்கிறார்கள், மறுக்க முடியாது. ஆனால் சுன்ஹ்யாங் எந்த இடத்தில் நின்று பேசுகிறாள் என்பதைப் பார்க்கவேண்டும். சோசன் சமூகத்தில் கிசேங்கின் மகளுக்குத் தாயின் நிலைதான் வாய்த்தது. அந்த நிலையில் பிறந்தவளுக்கு மறுக்கும் உரிமை இல்லை என்பதுதான் ஆளுநரின் வாதம். கணவனுக்கு உண்மையாக இருக்கும் கடமையெல்லாம் உயர்குடிப் பெண்களுக்கு உரியது, உனக்கேது அது என்று கேட்கிறான்.

அவள் அதே அறத்தை எடுத்து அவன் முன்னால் வைக்கிறாள். நீங்கள் போற்றும் நெறி எனக்கும் பொருந்தும் என்கிறாள். அதாவது, நானும் உங்களைப் போன்ற மனிதப் பிறவி என்கிறாள். ஆள்பவர்களின் ஒழுக்க நூலை வைத்தே ஆள்பவனை மடக்குவது சாதாரண மக்களுக்கு எவ்வளவு பிடித்திருக்கும் என்று எண்ணிப் பார்க்கலாம். உயர்குடியினர் இதைக் கற்பின் பெருமையாகக் கேட்டார்கள். சந்தையில் நின்றவர்கள் அதிகாரிக்கு விழுந்த அடியாகக் கேட்டார்கள். பன்சோரி இரண்டு கூட்டத்தையும் கட்டிப்போட்ட இரகசியம் இதுதான். அதன் மொழியிலும் இந்த இரட்டைத்தன்மை உண்டு: சீனச் செவ்விலக்கிய மேற்கோள்களும் தெருவின் வசைகளும் ஒரே மூச்சில் வரும்.

மொங்ரியோங் மீது கோபம் வருகிறது. அது சரிதானா?

முற்றிலும் சரி. தேர்வு எழுதுவதற்கு முன்பே கிசேங்கின் மகளை மணந்த செய்தி வெளியானால் எதிர்காலம் பாழ் என்று அஞ்சி அவளை விட்டுப்போகிறான். திரும்பி வந்த பிறகும் உண்மையைச் சொல்லாமல் கந்தலோடு சிறை வாசலில் நிற்கிறான். மறுநாள் சாகப்போகிறோம் என்று நினைக்கும் அவள், தன் நகைகளை விற்று அவனுக்கு உணவும் உடையும் கொடுக்கும்படி தாயிடம் சொல்கிறாள். அவன் வாய் திறக்கவில்லை. மரபுக் கதையில் இதற்கும் மேலே போய், ஆய்வாளனாக அமர்ந்தபின், முகம் காட்டாமல், ‘எனக்காவது பணிவிடை செய்வாயா?’ என்று சோதிக்கிறான்.

கதையின் பக்கம் ஒரே ஒரு விளக்கம் சொல்லலாம்: இரகசிய ஆய்வாளன் தன்னை வெளிப்படுத்தினால் ஆளுநர் தப்பிவிடுவான். சிறை வாசல் மௌனத்துக்கு அது போதும். கடைசிச் சோதனைக்குப் போதாது. அங்கே வோல்மேயின் வாய்த்துடுக்குதான் எனக்கு ஆறுதல். கந்தலில் வந்த மருமகனை அவள் ஏசும் ஏச்சில் நம் கோபமும் சேர்ந்து வெளியேறுகிறது. வோல்மேயாக வரும் கிம் சொங் ந்யோவின் நடிப்பு படத்தின் தூண்களில் ஒன்று.

காதல் காட்சிகள் சங்கடமாக இருந்தன.

அந்தச் சங்கடத்தை நான் தள்ளிவிட மாட்டேன். பாத்திரங்களின் வயதுக்கு நெருங்கிய, அனுபவமில்லாத இளையவர்களையே நடிக்கவைக்கவேண்டும் என்று இயக்குநர் முடிவு செய்தார். சுன்ஹ்யாங்காக லீ ஹ்யோ சொங், மொங்ரியோங்காகச் சோ சுங் வூ. அவனுக்கு இதுவே முதல் படம். பின்னாளில் கொரியாவின் முன்னணி நடிகர்களில் ஒருவரானான். காதல் பாட்டுப் பகுதி மரபிலேயே விளையாட்டும் சிருங்காரமும் நிறைந்தது. ஆனால் குரலில் கேட்பது வேறு, அத்தனை இளையவர்களின் உடலில் பார்ப்பது வேறு. விளையாட்டும் துரத்தலுமாக வரும் பகுதிகளே போதுமாயிருந்தன. அதற்கு மேல் காட்டியது தேவையில்லை என்பது என் கருத்து.

நடிப்பில் இருவரும் சற்று விறைப்பாக இருப்பதாகச் சொல்வதும் உண்மை. பாடகரின் குரல் அவர்களுக்குப் பதிலாக உணர்ச்சிகளைத் தாங்கிக்கொள்வதால் அது படத்தைக் கெடுக்கவில்லை.

சோகத்துக்கு நடுவில் கேலியும் கிண்டலும் ஏன்?

பன்சோரியின் இயல்பே அது. கேட்பவர்களை இறுக்குவதும் தளர்த்துவதும் மாறிமாறி வரும். புதிய ஆளுநர் ஊருக்கு வந்ததும் செய்யும் முதல் வேலை, கிசேங்குகளின் பெயர்களை ஒவ்வொன்றாகப் படிக்கச் சொல்லி அணிவகுப்புப் பார்ப்பது. அந்தப் பெயர்வரிசையே ஒரு நீண்ட பாட்டு. சிரித்துக்கொண்டே கேட்கிறோம். அதே சிரிப்பில் இந்த ஆள் எப்படிப்பட்டவன் என்பதும் புரிந்துவிடுகிறது. பிறகு விருந்தில், கந்தல் உடுத்த மொங்ரியோங் ஒரு கவிதை எழுதி வைக்கிறான்: பொற்கிண்ணத்து மது ஆயிரம் பேரின் இரத்தம், மரகதத் தட்டின் உணவு பத்தாயிரம் பேரின் கொழுப்பு, மெழுகு சொட்டும்போது மக்களின் கண்ணீர் சொட்டுகிறது, பாட்டொலி உயரும் இடத்தில் முறையீடும் உயர்கிறது. படித்துப் பொருள் புரிந்த அதிகாரிகள் ஒவ்வொருவராக நழுவுவதைப் பார்க்கச் சிரிப்பு வரும். அடுத்த கணம் ‘இரகசிய ஆய்வாளர் வந்துவிட்டார்!’ என்ற முழக்கம். தாளம் மிகு விரைவுக்குத் தாவுகிறது.

கொரியாவில் படத்தை எப்படி வரவேற்றார்கள்?

இம் க்வோன் டேக் 1962இல் இயக்கத் தொடங்கியவர். இது அவருடைய 97ஆவது படமாகக் கணக்கிடப்படுகிறது. 1993இல் அவர் எடுத்த ‘சொப்யொன்ஜே’, ஊர் ஊராக அலையும் பன்சோரிப் பாடகர்களின் வாழ்க்கையைச் சொன்ன படம். சியோலில் மட்டும் பத்து இலட்சம் பார்வையாளர்களைத் தாண்டிய முதல் கொரியப் படம். அந்த வெற்றி ‘சுன்ஹ்யாங்’குக்கு உள்நாட்டில் கிடைக்கவில்லை. எல்லாருக்கும் தெரிந்த கதை என்பது பெரிய தடையாக இருந்திருக்கும். வெளியே நிலைமை வேறு: 2000ஆம் ஆண்டு கான் திரைப்பட விழாவின் முதன்மைப் போட்டிக்குத் தேர்வான முதல் கொரியப் படம் இதுதான். இரண்டு ஆண்டுகளுக்குப் பிறகு அதே விழாவில் ‘சிஹ்வாசொன்’ படத்துக்காகச் சிறந்த இயக்குநர் விருதை இம் பகிர்ந்துகொண்டார்.

வெளிநாட்டவரின் கண்ணுக்காக எடுத்த படம் என்ற குற்றச்சாட்டை நான் ஏற்கவில்லை. வெளிநாட்டவரைக் கவர நினைப்பவர் முதலில் நீக்கியிருக்கக்கூடியது இந்தப் பாட்டைத்தான்.

இதே கதையை வேறு யாரும் எடுத்திருக்கிறார்களா?

நிறையப் பேர். 1935இல் வந்த கொரியாவின் முதல் பேசும் படமே இந்தக் கதைதான். 1961இல் இரண்டு வண்ணப் படங்கள் ஒன்றையடுத்து ஒன்றாக வெளிவந்து மோதின. ஷின் சாங் ஓக் இயக்கத்தில் சோ உன் ஹீ நடித்தது பெருவெற்றி பெற்றது. வட கொரியாவிலும் படமாகியிருக்கிறது. 2010இல் வந்த ‘பாங்ஜாஜொன்’, வேலைக்காரன் பாங்ஜாவைக் கதையின் நடுவில் வைத்துக் காதலையே திருப்பிப்போட்டது. ஆனால் பன்சோரிப் பாட்டையே முதுகெலும்பாக வைத்துக் கதையை நடத்தியது என்று பேச்சு வரும்போது முதலில் நினைவுக்கு வருவது இம் எடுத்ததுதான்.

சுன்ஹ்யாங் உண்மையில் வாழ்ந்தவளா?

கதைமாந்தர்தான். எழுத்தில் கிடைக்கும் மிகப் பழைய வடிவம், 1754இல் யூ சின் ஹான் என்ற அறிஞர் செவ்வியல் சீனத்தில் எழுதிய நெடுங்கவிதை. ஆனால் நாம்வொன் ஊர் அவளை வாழ்ந்தவளாகவே கொண்டாடுகிறது. காதலர்கள் சந்தித்த குவாங்ஹல்லு மண்டபம் அங்கே இருக்கிறது. அருகில் அவளுக்குக் கோயிலும் உண்டு. 1931 முதல் சுன்ஹ்யாங் திருவிழா நடந்துவருகிறது. கோயிலில் இருந்த பழைய உருவப்படம், அதை வரைந்தவர் ஜப்பானிய ஆட்சிக்குத் துணைபோனவர் என்பதால் 2020இல் அகற்றப்பட்டது. 2023இல் புதிய படம் வைத்தபோது, பதின்வயதுப் பெண்ணாகத் தெரியவில்லையே என்று ஊரில் பலர் வருந்தினார்கள்.

முதல்முறை பார்ப்பவர்கள் எப்படிப் பார்ப்பது நல்லது?

நல்ல ஒலியோடு, ஒரே அமர்வில். வசன வரிகளை எழுத்துக்கு எழுத்து படிக்க முயலவேண்டாம். கதை தெரிந்துவிட்டால் பாதி வரிகளை விட்டுவிடலாம், காது விடுதலை பெறும். முரசைத் தனியாகக் கவனியுங்கள். தாளம் மாறும் இடமெல்லாம் மனநிலை மாறும் இடம்: பிரிவுக்கு மிக மெதுவானது, ஓட்டத்துக்கு விரைவானது. முதல் இருபது நிமிடம் குரல் உறுத்தினாலும் நிறுத்தாமல் பாங்ஜாவின் ஓட்டம்வரையாவது போய்விடுங்கள்.

பிடித்துவிட்டது. அடுத்து என்ன?

‘சொப்யொன்ஜே’ பாருங்கள், இங்கே குரலாக மட்டும் கேட்டதற்குப் பின்னால் இருக்கும் பசியும் அலைச்சலும் அதில் தெரியும். அதன் பிறகு சோ சாங் ஹ்யூனின் பாடலை ஒலிப்பதிவாக, படமே இல்லாமல், நீளமாகக் கேளுங்கள். ‘கலைந்த கூந்தல்’ என்று தொடங்கும் சிறைப்பாட்டிலிருந்து ஆரம்பிக்கலாம். தனியாகவே பாடப்படும் அளவுக்குப் புகழ்பெற்ற பகுதி அது.